வாயசைவு

கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிட்டதும் வகுப்பு மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தது. டீச்சருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் வேண்டுமென்றே ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் மிச்ச வரியை எழுதும்போது அவள் எழுத்து, சாலையைவிட்டு இறங்கிய வண்டி போல, சரிந்துகொண்டே போனது.

அவள் புவியியல் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடம். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்து, தலை பாதி நரைக்கும்வரை அதே கட்டடத்தில் ஆற்றையும் மலையையும் பாடமாக நடத்திக்கொண்டிருந்தவள். காது டாக்டர் அவளை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது காது போய்க்கொண்டிருக்கிறது என்றார். "ஸ்கூல் டீச்சரா? மெல்லிசான குரல்தான் முதல்ல போகும். சின்னப் பொண்ணுங்க பேசறதுதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். மிச்சம் இருக்கிற காது எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டாள். "மெதுவாவும் போகலாம். ஒரு நாள் சட்டுனு மொத்தமா போனாலும் போகலாம். காதுக்கு மெஷின் வெச்சுக்குங்க."

அவள் வைத்துக்கொள்ளவில்லை. முன்பு அங்கே ஒரு தையல் டீச்சர் இருந்தாள். கண் மங்க ஆரம்பித்ததும் அவளை வகுப்பிலிருந்து எடுத்து, விளையாட்டுச் சாமான் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அங்கே காற்றுப் போன பந்துகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்தி இருப்பதே வெகு சீக்கிரம் எல்லாருக்கும் மறந்துபோனது. டீச்சர் அந்த அறை இருக்கும் பக்கமே போக மாட்டாள். வகுப்பில்லாமல் தான் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளும் இல்லை. வீட்டில் கணவர் ஒருவர்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். இன்ஜின் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர். வீட்டிலும் எதிர்வீட்டுக்காரரோடு பேசுவது போல உரக்கத்தான் பேசுவார். "என் தொண்டை ஊருக்கெல்லாம் தொந்தரவு. உனக்கு மட்டும் வசதியாப் போச்சு," என்பார். மெஷின் வாங்கலாம் என்று அவரும் சொல்லிப் பார்த்தார். "பசங்க முன்னாடி அதை மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்று அவள் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். முடியைக் கொஞ்சம் தளர்த்திக் காதை மூடிச் சீவிக்கொள்ள ஆரம்பித்தாள். அவ்வளவுதான் அவள் செய்துகொண்ட வைத்தியம்.

ஆனால் வகுப்பில் சமாளித்தாக வேண்டுமே. மேஜைக்குப் பின்னால் நிற்பதை விட்டாள். ஒரு பெண் பதில் சொல்ல எழுந்தால், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நேராக அவளிடம் போய், இடது காதை வாகாகத் திருப்பிக்கொண்டு, குனிந்து, அவள் முகத்தையே பார்ப்பாள். உதடு என்ன சொல்கிறது என்று படிக்கப் பழகினாள். அவசரப்படுத்த மாட்டாள். பாதியில் நின்றால் காத்திருப்பாள். எதுவும் பிடிபடவில்லையென்றால், "இவ சொன்னதைக் கடைசி பெஞ்சுல ஒருத்தி உன் வார்த்தையில சொல்லு பாக்கலாம்," என்பாள். கடைசி பெஞ்சுக்காரி சொல்வதும் புரியவில்லையென்றால் இன்னொருத்தியைக் கேட்பாள். இப்படியே, ஒருத்தி பேசினால் மற்றவர்கள் உன்னிப்பாகக் கேட்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. டீச்சர் யாரைப் பார்த்துத் திருப்பிச் சொல்லச் சொல்வாள் என்று தெரியாது. அதுவரை வாயே திறக்காத பெண்கள்கூட, தங்கள் பேச்சு இத்தனை பேர் வாயில் ஏறி இறங்குவதைப் பார்த்து, முதுகை நிமிர்த்தி உட்கார ஆரம்பித்தார்கள்.

உதட்டைப் படிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் உதடு மட்டுமா தெரிகிறது? யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், யார் வழியில் அழுதுவிட்டு முகம் கழுவியிருக்கிறாள், யாருக்குப் பல்வலி, எல்லாமே தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தாள். வருஷக்கணக்காக நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியவள்தான். ஆனால் காது போக ஆரம்பித்த பிறகுதான் பெண்கள் அவளைச் சுற்றி மொய்த்தார்கள். தேவை எது, பிரியம் எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தலைமையாசிரியை ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "வகுப்புல பசங்களை மதிக்கறதுன்னா என்னன்னு இவங்க கிளாஸ்ல போய் உக்காந்து பாருங்க," என்றாள். அடுத்த மாதம் வேறு பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஆசிரியர்கள் பார்க்க வருவார்கள் என்று ஏற்பாடானது. கைதட்டல் அவள் காதில் மங்கலாகத்தான் விழுந்தது, கைகள் அசைவதைப் பார்த்து அவள் தலை குனிந்து வணங்கினாள்.

அந்த வகுப்பில் ஒருத்தியை எல்லாரும் ஊசி என்று கூப்பிடுவார்கள். உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. அணைக்கட்டைப் பார்க்க வெளியூர் போய் ஓர் இரவு தங்கி வரும் பயணத்துக்கு எல்லாரும் துள்ளிக்கொண்டு பெயர் கொடுத்தபோது அவள் மட்டும் கொடுக்கவில்லை. டீச்சர் அவளை மாடிப்படியில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். ஊசி ஏதேதோ சாக்குச் சொன்னாள். டீச்சர் மறுத்துப் பேசவில்லை; அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மணியடித்து எல்லாரும் உள்ளே போன பிறகு, ஊசி படியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. டீச்சர் அவள் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, "எனக்கு மட்டும் சொல்லு," என்றாள். அந்தப் பெண் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வயதிலும் தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடுகிறது. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. இன்னொருத்தி பக்கத்தில் படுத்தால் எல்லாம் போச்சு.

டீச்சர் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. இது வியாதி, இதற்கு மருந்து இருக்கிறது என்றாள். அம்மாவிடம் பேசி டாக்டரிடம் அனுப்பினாள். பயணம் போகாததற்கு, "வரைபடம் வரையற வேலைக்கு எனக்கு ஒரு ஆள் வேணும், இவ கைதான் நேரா வரும்," என்று வகுப்பில் தானே ஒரு காரணம் சொன்னாள். கொஞ்ச நாள் ஊசி அவள் நிழலாகவே திரிந்தாள். அப்புறம் என்ன ஆனதோ, விலக ஆரம்பித்தாள். டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்து, கண்ணாலேயே 'சரியா இருக்கியா' என்று கேட்பது வழக்கம். அக்கறையாகத்தான். ஆனால் அந்தப் பார்வை தினமும் அவளைச் சுட்டிருக்க வேண்டும். தன் விஷயம் தெரிந்த ஒரு ஜோடிக் கண் நாள்தோறும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை எந்தப் பெண்தான் தாங்குவாள்? டீச்சருக்கு இது அப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் ஆறு வரைந்துகொண்டிருந்தபோது ஊசி தன் இடத்திலிருந்தே சாதாரணக் குரலில், "டீச்சர், ஸ்கூல் தீப்பிடிச்சு எரியுது," என்றாளாம். டீச்சர் ஆற்றின் வளைவை நிதானமாக வரைந்து முடித்தாள். "டீச்சர், உங்க மூஞ்சி குரங்கு மாதிரி இருக்கு." டீச்சர் ஊர்ப் பெயரை எழுதினாள். சிரிப்பை அடக்க முடியாமல் பெண்கள் முகத்தை மேஜையில் புதைத்துக்கொண்டார்கள். இது பின்னால் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மத்தியான வகுப்பு. டீச்சர் நுழைந்தபோது மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல்களும் சாத்தியிருந்தன. யாருக்கோ ஜலதோஷம் என்று சைகையால் காட்டினார்கள். அவள் சரியென்று தலையசைத்துவிட்டு, "ஆறு ஏன் நேராப் போகாம வளைஞ்சு வளைஞ்சு போகுது? யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். ஒருத்தி எழுந்தாள். வாய் அசைந்தது. டீச்சர் வழக்கம் போலப் பக்கத்தில் போனாள். குனிந்தாள். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மெலிதாகக்கூட ஒன்றும் இல்லை. இடது காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பெண்ணின் மூச்சு கன்னத்தில் பட்டது. குரல் இல்லை.

'சரி, இதுதான்' என்று நினைத்தாள். டாக்டர் சொன்ன அந்த நாள் இதுதான். கேள்வி கேட்ட தன் குரல் மட்டும் மண்டைக்குள் முழங்கிக்கொண்டிருந்தது. காது செத்தாலும் சொந்தக் குரல் உள்ளே கேட்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். நிமிர்ந்து, "இவ சொன்னதை யாராவது திருப்பிச் சொல்லுங்க," என்றாள். இன்னொருத்தி எழுந்தாள். அவள் வாயும் அசைந்தது. அடுத்தவள். அதற்கடுத்தவள். பெண்கள் வரிசையாக எழுந்து வாயைத் திறந்து மூடிவிட்டு உட்கார்ந்தார்கள். உதடுகளிலிருந்து அவளால் படிக்க முடிந்தது: பாறை, தண்ணி, மண்ணு, கரை. நல்ல பதில்கள். எல்லாருமே பாடத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அதுதான் அவளை உடைத்தது.

சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வகுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே சரியாக் கேக்கல. இன்னிக்கு மொத்தமா நின்னுபோச்சு." எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று தெரியாமல் மெதுவாகவே பேசினாள். "நான் உங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் வந்து நின்னேனே, அது கேக்காததாலதான். நீங்க அன்புன்னு நினைச்சிருப்பீங்க. ஆரம்பத்துல அப்படி இல்ல. அப்புறம் ஆயிடுச்சு. உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து, நீங்க சொல்லாததும் எனக்குத் தெரிய ஆரம்பிச்சுது. நாளையிலிருந்து என்னை இங்க விடுவாங்களான்னு தெரியல. இவ்வளவு நாள் நீங்கதான் எனக்குக் காதா இருந்தீங்க. அதுக்கு நான்..."

அவள் அழுதாள். பெண்களில் பலர் குனிந்துவிட்டார்கள். தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அப்போது நடு பெஞ்சில் ஒருத்தியின் முழங்கை இடித்து எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் தரையில் விழுந்து, டங்கென்று மோதி, உருண்டு சுவரில் முட்டியது.

டீச்சர் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவள் திரும்பியதை வகுப்பு மொத்தமும் பார்த்தது. திரும்பினோம் என்பது அவளுக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. பாட்டிலைப் பார்த்தாள். குனிந்திருந்த தலைகளைப் பார்த்தாள். சத்தம் வராமல் நிறுத்தி வைத்திருந்த மின்விசிறியைப் பார்த்தாள். கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பு ஒன்று, மெல்லிய கம்பி போல, அவள் இடது காதுக்குள் வந்து சேர்ந்தது. ஊசி எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "கேக்குதே."

வேறு நாளாக இருந்தால் டீச்சர் நடந்து அவளிடம் போயிருப்பாள். யாரிடம் பேசுவதானாலும் பக்கத்தில் போய்ப் பேசுகிறவள் அன்றைக்கு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாடம் சொல்கிற அதே தெளிவான குரலில், கடைசி பெஞ்சுவரை போய்ச் சேரும்படி நிறுத்திச் சொன்னாள்.

"ஒரு நாளாவது படுக்கைய நனைக்காம எந்திரிச்சு வா. அப்புறம் என் காதைப் பத்திப் பேசலாம்."

யாரும் உடனே சிரிக்கவில்லை. புரிய நேரம் பிடித்தது. பிறகு ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். வரைபடம் வரைய ஆள் வேண்டும் என்று டீச்சர் சொன்னது சிலருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊசி நின்றுகொண்டேயிருந்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை; காதுகள் மட்டும் நுனிவரை சிவந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், வேண்டுமென்று செய்தாளோ தானாக நடந்ததோ, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பாவாடையின் ஓரத்தை இழுத்து மடிக்குள் செருகிக்கொண்டாள். ஊசி அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. அவர் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார். "அதான் தெரிஞ்சுபோச்சே. இனிமே மறைக்க என்ன இருக்கு? வா, மெஷின் வாங்கிட்டு வந்துரலாம்," என்றார். தன் மனைவிக்கு அநியாயம் நடந்துவிட்டது என்பதுதான் அவர் எண்ணம். வழியெல்லாம் அந்தப் பெண்களைத் திட்டிக்கொண்டே வந்தார். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் காலை டீச்சர் மெஷினோடு வகுப்புக்குப் போனபோது ஊசி உட்காராமல் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கடைசி பெஞ்சில் அவள் உட்காரும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. யாரோ பாட்டிலைக் கவிழ்த்திருந்தார்கள். மெஷின் புதிது, வகுப்பின் கிசுகிசுப்பெல்லாம் சருகை நசுக்குவது போல டீச்சர் காதில் நொறுங்கியது. அதில் ஒரு வார்த்தை பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக்கொண்டிருந்தது. ஊசிக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். டீச்சர் டஸ்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தண்ணீரைத் தானே துடைத்தாள். "உக்காரு," என்றாள். ஊசி ஈரம் காயாத பலகையில் உட்கார்ந்தாள். துடைத்ததால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது என்பது டீச்சருக்கு வகுப்பின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது' என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவள் தான் என்பதால் வாக்கியம் நாக்கிலேயே நின்றது. ஆற்றின் வளைவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மறுநாளிலிருந்து ஊசி வரவில்லை.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, அதிகம் பேசாதவள், ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து நின்று அழுதாள். தீப்பிடித்தது என்று ஊசி சொன்னதையும், மின்விசிறியை நிறுத்தியதையும், வாயசைக்க ஒத்திகை பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தத் தண்ணீரை யார் ஊற்றியது என்று டீச்சர் கேட்டாள்.

"நான்தான் டீச்சர்."

டீச்சர் அவளையே பார்த்தாள்.

"நீங்க அழுதப்போ எனக்குத் தாங்கல. உங்களுக்காகத்தான் ஊத்துனேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். டீச்சர் முதுகில் தட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்க்கிற முகம். "அவ இனிமே வர மாட்டா டீச்சர். நீங்க கவலைப்படாதீங்க."

திட்ட வேண்டும் என்று டீச்சருக்குத் தெரியும். "கிளாசுக்குப் போ," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் நிம்மதியோடு போனாள்.

வெளிப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் பார்க்க வந்த நாளில் வகுப்பு ஒரு சொல் பிசகாமல் நடந்தது. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறுக்கிடவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் கைகள் உயர்ந்தன. பெண்கள் எழுந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொன்னார்கள். டீச்சர் மேஜைக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள். அங்கிருந்தே எல்லாம் நன்றாகக் கேட்டது. யார் முகத்தையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. யாரும் எதையும் புதிதாகச் சொல்லவுமில்லை. வந்தவர்கள் பின்வரிசையில் காலியாக இருந்த இடத்தில் நெருக்கி உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் தலைமையாசிரியை அவளை வெளியே தனியாகக் கூப்பிட்டாள். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. அந்த ஒல்லிப் பொண்ணோட அப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போறாரு. ஏன்னு கேட்டா அவருக்கே தெரியல. பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குதாம். உங்க கிளாஸ்லேருந்து ஒருத்தி போறான்னா நம்பவா முடியுது? வீட்டுல ஏதாவது இருக்கும்." டீச்சர் ஏதாவது சொல்வாள் என்று ஒரு கணம் நின்றாள். டீச்சர் சொல்லவில்லை. தலைமையாசிரியை அவள் தோளைத் தட்டிவிட்டு விருந்தாளிகளிடம் போனாள்.

அலுவலக வாசலில் பெஞ்சில் ஊசி தனியாக உட்கார்ந்திருந்தாள். சீருடை இல்லாமல் பார்க்க இன்னும் சிறியவளாகத் தெரிந்தாள். அப்பா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் போய் அவள் முன்னால், தரையிலேயே, குந்தி உட்கார்ந்தாள். முகம் நேருக்கு நேராக இருந்தது. என்ன பேசுவது என்று யோசித்து வந்தது எதுவும் நினைவில் இல்லை. அதனால் அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். காத்திருந்தாள். ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தாள்.

ஊசி அவளைப் பார்த்தாள். கண்ணை விலக்கவில்லை. மெதுவாக, இரண்டு உதடுகளையும் உள்ளே இழுத்துப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள். வாய் இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்றுதான் இருந்தது.

அப்பா வெளியே வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்துப் பதறி, "எந்திரிங்கம்மா, எந்திரிங்க," என்றார். "உங்களைப் பத்தி இவ நிறையச் சொல்லியிருக்கா. என்ன ஆச்சுன்னு உங்ககிட்டயாவது சொன்னாளா?"

டீச்சர் எழுந்தாள். இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் நன்றி சொன்னார். மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் படியிறங்கி மைதானத்தில் நடந்தார்கள். வகுப்பு நேரம், மைதானம் வெறிச்சென்றிருந்தது. அப்பாவின் கனத்த செருப்புச் சத்தத்துக்குப் பக்கத்தில், மணலில் உரசிக்கொண்டு போகும் இன்னொரு சின்னச் செருப்பின் சத்தத்தை டீச்சரால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. பாதி மைதானம் தாண்டியும் கேட்டது. பள்ளி வாசல்வரை போயும் கேட்டது.